சில்வண்டு மாவு பற்றி, எழுதித் தரச் சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், வண்டுகளும் நலம். உன் மூட்டுவலியும் அத்தானின் தும்மலும் உன் பேக்கரி ஓவனின் கதவும் இந்நேரம் ஒரு வழிக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, முகம்கூடக் கழுவாமல், நீ வந்தால் தங்குகிற அறையின் கதவில் காதை வைத்து நின்றதுதான். உள்ளே கிரீச் கிரீச் என்று ஊரே கூடிக் கத்துகிற மாதிரி சத்தம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். இந்த வீட்டில் இப்போது சத்தம் இருந்தால் நிம்மதி, அமைதியாக இருந்தால்தான் பயம். இதைப் படித்ததும் "என் ரூமையா பூச்சிக்குக் குடுத்தீங்க?" என்று நீ கேட்பாய். ஆமாம் அக்கா, உன் கட்டில் சுவரோரம் நிமிர்ந்து நிற்கிறது. மெத்தை பத்திரமாக இருக்கிறது. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போன வாரம் போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இந்தப் பூச்சி மாவ பிஸ்கட்ல போடலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு. நீதான லேப்ல சாப்பாட்டுச் சாமான சோதிக்கிற வேலையா இருக்க."

"போடலாம்க்கா, ஆனா..."

"இந்த ஆனாவெல்லாம் வேணாம். வாயால சொன்னா நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னுவ. எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டுக் குடு. கடையில ஆள் நிக்குது, வைக்கிறேன்."

சின்ன வயதிலிருந்து உன்னிடம் ஒரு 'ஆனா'வைக்கூட நான் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் எல்லா ஆனாக்களையும் சேர்த்து வைத்துச் சொல்லப் போகிறேன். முதலில் உன் பதில்: போடலாம். தாராளமாகப் போடலாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எழுத்து கோணலாகப் போவது அதனால்தான், கண்ணாடி பவர் மாறியதால் இல்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்டிலிருந்து விழுந்து முழங்கால் போன கதை உனக்குத் தெரியும். இனிமேல் ஏறக் கூடாது, தொங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்து அப்படிச் சொன்னால் மிச்சம் என்ன இருக்கிறது? மாதக்கணக்கில் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சுற்றும்போது வருகிற சத்தத்தை வைத்து அதற்கு என்ன நோய் என்று எனக்கு விளக்குவார். பிறகு ஒருநாள் செல்போனில் யாரோ சில்வண்டு வளர்ப்பதைப் பார்த்தார். மறுநாளே முட்டை அட்டைகளும் பிளாஸ்டிக் பெட்டிகளும் சூட்டுக்கு பல்பும் வந்து இறங்கின. பெட்டிகளை அடுக்கி ஒவ்வொன்றிலும் பெயின்டால் எழுதினார்: தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி. குஞ்சுகள் தரைத்தளம். வளர வளர மேலே போகும். அறுவடைக்குத் தயாரானவை இருக்கிற பெட்டிக்கு மொட்டை மாடி என்று பெயர். மனிதர் மறுபடியும் எதையோ மேலே கீழே கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். அதுவும் போக, அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆரம்பத்தில் நம் சமையலறையில் கழிகிற தோலும் தழையும்தான் அவற்றுக்குத் தீனி. ஒருநாள் முட்டைக்கோஸின் வெளி இலைகளைப் போட்டிருக்கிறார். மறுநாள் காலை அறையில் மூச்சு இல்லை. போய்ப் பார்த்தால் முதல் மாடி மொத்தமும் மல்லாந்து கிடக்கிறது. இவர் பெட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சூடு சரியா இருந்துச்சு, தண்ணி சரியா இருந்துச்சு. நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

மிச்ச இலையை உறையில் போட்டு லேபுக்குக் கொண்டுபோனேன். அரைத்து, ரசாயனத்தில் கலக்கி, சுற்றவிட்டு, மெஷினில் ஏற்றினால், இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது பூச்சிக்கொல்லி. பூச்சியைக் கொல்கிற மருந்து பூச்சியைக் கொன்றிருக்கிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆச்சரியம் அதுவல்ல அக்கா. அந்த முட்டைக்கோஸின் உள்பக்கத்தை முந்தின நாள் மதியம் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டிருந்தோம். அந்த மெஷின் முன்னால் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எண்ணைப் படித்து, தாளில் எழுதி, அடுத்த மாதிரியை எடுப்பேன். அது யார் வீட்டுத் தட்டில் விழுந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க எனக்கு ஒரு பெட்டி செத்த வண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

விஷயத்தைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா என்றால் என் மாமனார்தான், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், உனக்குத் தெரியாததா.

"நானும்தாம்மா அத ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்."

"நீங்க வண்டு இல்லையே மாமா."

"அப்ப எனக்கு ரிசல்ட் கொஞ்சம் லேட்டா வருமா?"

அன்றிலிருந்து கடைக் காயின் ஒரு துண்டைக்கூட என் வீட்டுக்காரர் அந்த அறைக்குள் விடுவதில்லை. தவிடும், நம் மாடியில் இவரே தொட்டியில் வளர்க்கிற கீரையும் மட்டும்தான். மருந்து கிடையாது, பூச்சி கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும். இப்படி வளர்ந்து வந்த முதல் அறுவடையில்தான் லேபுக்கு மாதிரி கொடுத்தோம். என் வீட்டுப் பொருளை நானே சோதிக்கக் கூடாது என்று விதி. பெயர் இல்லாமல் வெறும் குறியீட்டோடு வரிசையில் வைத்துவிட்டு வந்தேன். வரிசையோ பெரிது.

அந்த இடைவெளியில்தான் மாமாவுக்கு யோசனை வந்தது. பழைய மீன் தொட்டியைக் கழுவி பால்கனியில் வைத்தார். அதில் கொஞ்சம் வண்டுகள். கடையிலிருந்து எந்தக் காய் வந்தாலும் முதலில் ஒரு துண்டு தொட்டிக்குள் போகும். காலையில் வண்டுகள் பாடினால் காய் பாஸ். மல்லாந்தால் ஃபெயில். பாஸ் ஆகாத காய்க்கு எங்கள் அடுப்பில் இடமில்லை. மேல் வீட்டுத் தையல்காரம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஐயா, என் கத்திரிக்காயையும் கொஞ்சம் எழுத வைங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான், தெருவே திரண்டு வர ஆரம்பித்துவிட்டது. கையில் பையோடு வாசலில் நிற்கிறார்கள். மாமா ஒவ்வொரு துண்டுக்கும் நூல் கட்டி, யாருடையது என்று சீட்டு மாட்டி, தொட்டிக்குள் இறக்குகிறார். பக்கத்துத் துண்டைப் பார்த்து எழுதிவிடாதபடி நடுவில் அட்டை வேறு!

தெருமுனைக் காய்கறிக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"என்ன சார் இது அநியாயம்? என் முட்டைக்கோஸ் ஃபெயிலுன்னு தெரு பூரா சொல்லிட்டு அலையறீங்க. பூச்சியா என் கடைக்கு மார்க் போடறது?"

"நான் எங்கய்யா போட்டேன்? அது செத்துச்சு, நான் எழுதுனேன்."

"இந்தக் கோஸத்தான் என் வீட்லயும் புள்ளைங்க திங்குது."

மாமா கோபப்படவில்லை. "அதனாலதான் சொல்றேன்" என்றார் மெதுவாக. மனிதர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் விடியும் முன்னால் காலிங்பெல். திறந்தால் அவர்தான். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு இலை கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். "பாத்து வைங்க சார். ஃபெயிலானத இனிமே இறக்கவே மாட்டேன்." எனக்குப் புல்லரித்துவிட்டது அக்கா! நாங்கள் லேபிலிருந்து எத்தனை சோதனைத் தாள் அனுப்பியிருப்போம், ஒரு மூட்டையாவது நின்றிருக்குமா? ஒரு மீன் தொட்டி நிறுத்திவிட்டது.

நான் சும்மா தலையாட்டிக்கொண்டு இருக்கவில்லை, நம்பு. மாமாவிடம் தெளிவாகச் சொன்னேன். வண்டு செத்தால் மருந்து இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். சாகவில்லை என்றால் காய் சுத்தம் என்று அர்த்தமில்லை. பூஞ்சைக்கு அடிக்கிற மருந்தைத் தின்ற வண்டு ஜோராகப் பாடிக்கொண்டுதான் இருக்கும், மருந்தும் அதன் உடம்புக்குள் ஜோராக இருக்கும்.

"சந்தேகம் வந்தா அத மாணவனுக்குச் சாதகமாத்தாம்மா பாக்கணும்" என்றார். முப்பத்தைந்து வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவரோடு யார் வாதாடுவது? ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு: தொட்டி பால்கனியில், பெட்டிகள் அறையில். இரண்டும் சேரவே கூடாது. "சரிம்மா" என்றார்.

நேற்று சாயங்காலம் லேபிலிருந்து பக்கத்து மேசைக்காரி போன் பண்ணினாள். "யாரு அனுப்புனதுன்னு இப்பதான் பிரிச்சுப் பாத்தேன். உங்க வீட்டு மாவாமே! ஒண்ணுமே இல்ல, தெரியுமா? இவ்ளோ சுத்தமா எதையும் இந்த வருஷம் நான் பாக்கல. நம்ம கேன்டீன் டீயவிட சுத்தம்."

இவரிடம் சொன்னேன். சட்டென்று எழுந்து நின்றார், முழங்கால் ஞாபகம் வந்ததும் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிறகு போய் உனக்காக அரைத்து வைத்திருந்த இரண்டாம் அறுவடை மாவு டின்னை எடுத்துவந்து, துடைத்த இடத்தையே துடைத்தார். அதே அறை, அதே தீனி, அதே கை. அறுவடைக்கு முன் ஒருநாள் பட்டினி போட்டு, குளிரில் உறைய வைத்து, கழுவி, கொதிக்க வைத்து, காய வைத்து அரைத்தது. திறந்தால் வறுத்த கடலை வாசனை வரும். மதியம் பஸ்ஸில் அவரே கொண்டுவருகிறார். அவர் விழுந்ததற்கு அப்புறம் அவர் கையால் செய்து, ஒருத்தர் கேட்டு வாங்குகிற முதல் பொருள் இது. வாங்கும்போது கொஞ்சம் பெரிதாக வாயைப் பிளந்து ஆச்சரியப்படு, உனக்கு அது வரும்.

ஒரே ஒரு ஆனா. அத்தானுக்கு இறால் ஒத்துக்கொள்ளாதே, இதுவும் ஒத்துக்கொள்ளாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாதி உடம்பு. கடையிலும் பலகை எழுதி வை. மற்றபடி போடு, பயப்படாமல் போடு, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கூப்பிட்டுக் கொடு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மாவு படிந்த கைக்கு ஒரு முத்தம். உன் ஓவன் ஒருநாளும் கருகவிடாமல் இருக்கட்டும்.

நீ கேட்டபடி, கையெழுத்துடன்,
உன் தங்கை.

பின்குறிப்பு: மாமாவும் ஒரு வரி வாழ்த்து எழுதட்டும் என்று கடிதத்தோடு பால்கனிக்குப் போனேன். அவர் தேநீர் வடிகட்டியால் தொட்டியிலிருந்து உயிரோடு இருக்கிற வண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து டப்பாவில் விட்டுக்கொண்டிருந்தார்.

"இது எங்க போகுது மாமா?"

"மொட்ட மாடிக்கு."

"எந்த மொட்ட மாடிக்கு?"

"நம்ம ரூம்ல இருக்கே, அந்தப் பெட்டிக்கு. பாஸ் ஆனவங்கள அதே கிளாஸ்ல வெச்சிருக்க முடியுமாம்மா? மேல அனுப்பிருவேன். இடம் காலியானா கீழ் மாடியிலேருந்து புதுசா சேத்துக்குவேன்."

"எப்பலேருந்து?"

"மொதல் நாள்லேருந்து. நீ தொட்டியத்தான உள்ள வரக் கூடாதுன்ன? தொட்டி இங்கயேதான இருக்கு."

தொட்டி ஏன் காலியாவதே இல்லை என்று ஒருநாளாவது நான் கேட்டிருக்க வேண்டும். தெருவில் உள்ள கத்திரிக்காய், பாகல், கொத்தமல்லி எல்லாவற்றையும் தின்று, சாகாமல், எதெது உடம்பில் சேர்ந்ததோ அதையெல்லாம் சுமந்துகொண்டு மேல் வகுப்புக்குப் போன மாணவர்கள்தான் உன் டின்னில் மாவாக இருக்கிறார்கள். பட்டினி போட்டால் குடல் காலியாகும். கொழுப்பில் ஏறியது ஏறியதுதான். லேப் பார்த்த முதல் அறுவடைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மேலே 'போடலாம்' என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வொன்றையும் 'கூடாது' என்று நீயே படித்துக்கொள். இறால் விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது.

டின்னை என் ஆபீஸ் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கை துறுதுறுக்கிறது, அக்கா. ஒரு தெரு முழுக்க என்ன சாப்பிடுகிறது என்பது ஒரு டின்னுக்குள் இருக்கிறது! திங்கட்கிழமை இது வரிசையில் நிற்கும், குறியீட்டோடு இல்லை, எங்கள் வீட்டுப் பெயரோடு. என்ன வந்தாலும் அதை எங்கள் வாசல் கதவில் ஒட்டப் போகிறேன், எல்லோரும் படிக்கட்டும். மொட்டை மாடி மொத்தமும் காலி, தரைத்தளத்திலிருந்து மறுபடி ஆரம்பம்.

இதை இன்னும் இவரிடமும் சொல்லவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை. கூடத்தில் இவர் டின் கட்ட எடுத்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "டின் எங்கம்மா வெச்ச? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்கிறார். சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டிருக்கிறார். பேனாவை மூடிவிட்டுப் போய்ச் சொல்லப் போகிறேன். உனக்குக் கூரியரில் இந்தக் கடிதம் வரும். டின் வராது.