மாலை போட்ட ரேடியேட்டர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டுக்காக, வாடகைக் கார் ஒன்றின் முகப்பில் ஐந்து தகடுகள் பொருத்தினேன்.
2. சோதனை ஓட்டத்தில், வண்டலூருக்கு அருகே, அந்தக் கார் இட்லிப் பானையானது.
3. அப்போது வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் பின்சீட்டில் இருந்தார்.
4. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நடந்ததைச் சொல்லித்தான் வீட்டில் இன்றும் சிரிக்கிறார்கள்.

தகடுகளின் வேலை எளிது. வேகம் கூடினால் மோட்டார் அவற்றை மூடும். காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுத்துப் பிடிக்காது, டீசல் மிச்சம். எஞ்சின் சூடானால் ஸ்பிரிங் அவற்றைத் திறந்து, ரேடியேட்டருக்குக் காற்று விடும். மற்றவர்கள் கடையில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கியபோது (பெயிண்ட் மட்டும் அவர்களுடையது) நான் சொந்தமாகச் செய்தேன். இது ஓடாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை. ஆகவே புறப்படும் முன் சரிபார்க்க நாற்பத்திரண்டு அம்சப் பட்டியல் வைத்திருந்தேன். நாற்பத்திரண்டுக்கும் டிக் அடித்தேன்.

காரின் சொந்தக்காரர் மணி அண்ணா, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீடு. காலையில் முகப்பில் முழ நீளச் சாமந்தி மாலை தொங்கியது.

“அண்ணா, இது எக்ஸாம். கல்யாணம் இல்ல.”

“இன்னாமா நீ, நல்ல காரியத்துக்குப் போற வண்டி மொட்டையாவா போவும்?”

அழகாகத்தான் இருந்தது. தடுக்கவேண்டிய நான் போட்டோ எடுத்தேன்.

பெருங்களத்தூர் தாண்டி வேகமெடுத்தோம். தகடுகள் மூடின, மாலையைக் கவ்விக்கொண்டு. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. ஸ்பிரிங் இழுத்துப் பார்த்தது, தகடுகளில் சுற்றிக்கொண்ட மாலை நார் விடவில்லை. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

“பொண்ணு, வண்டி வேவுதும்மா!” என்று மணி அண்ணா ஓரம் கட்டினார்.

“இதுவும் உங்க டிசைனா?” என்றார் தேர்வாளர்.

“இல்ல சார். மாலை.”

கத்தரிக்கோல் இல்லை (பட்டியலில் இல்லை). தேர்வாளர் தன் சாவிக்கொத்திலிருந்த நகவெட்டியை நீட்டினார். அதை வைத்து நாரை இழை இழையாக வெட்டினேன். கடைசி இழை அறுந்ததும் ஐந்து தகடுகளும் படாரென்று திறந்தன. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சாமந்தி இதழ்கள்.

“சார், ஸ்பிரிங் வேலை செய்யுது!” என்று கத்தினேன்.

“தெரியுது” என்றார், இதழ்களைத் தட்டிவிட்டபடி.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, தாம்பரம் வரை இரண்டு முறை ஓட்டினோம்: தகடுகளை மூடி ஒரு முறை, திறந்து வைத்து ஒரு முறை. மூடி ஓட்டியபோது டீசல் குறைவாகவே செலவானது. தேர்வாளரே அளந்தார், நம்பாமல் மறுபடியும் அளந்தார். அங்கேயே மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இன்று நான் கார்களின் முகப்பை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். என் தகடுகள் மணி அண்ணா வண்டியில் இன்னும் இருக்கின்றன. ஏறுகிறவர்களிடமெல்லாம் “நம்ம பொண்ணு செஞ்சது” என்கிறார். டீசல் மிச்சமாகிறது.