பனியை ருசி பார்த்த உப்பு அங்கிள்

அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிளெய்ன்ஸ்பரோவில் பனியை நக்கிப் பார்த்தே கரண்ட் போகுமா போகாதா என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். இரண்டாவது ஆளை எங்கள் அபார்ட்மென்ட் தாங்கியிருக்காது. மின்சாரக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தப் பெயர் தபால்பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் உப்பு அங்கிள்.

பனி விழுந்தால் நாங்கள் கார் மேல் படிந்ததைச் சுரண்டுவோம். அவர் ஊறுகாய் பாட்டிலில் பனியை அள்ளி, ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் துப்பிவிட்டு, மிச்சத்தை உருக்கி, அதில் உப்பு எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை பொங்கல் விருந்துக்கு அந்த பாட்டிலோடு வந்து சாம்பார் பக்கத்தில் வைத்துவிட்டார். யாரோ ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்கள். அதையும் அவர், "உப்பு தூக்கலா இருந்துச்சா?" என்று விசாரித்தார்.

தொண்ணூறுகளில் ஒரு ஜனவரி. நுரையீரல் கெட்டுப்போன என் அப்பா, சுவர் பிளக்கில் சொருகிய ஆக்சிஜன் மெஷினை நம்பித்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் விடாமல் பனி. கரண்ட் போகவில்லை. மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. அப்பாடா என்று காபி கலக்கும்போது பாட்டிலோடு வந்து நின்றார் உப்பு அங்கிள்.

"தம்பி, ஸ்பேர் சிலிண்டர் இருக்கா?"

"இருக்கு அங்கிள். காலி. நாளைக்கு ரீஃபில் பண்ணணும்."

"இப்பவே போங்க."

"பனிதான் நின்னுடுச்சே."

"நின்னப்புறம்தான் ஆபத்து. காய்ஞ்ச பனியில கரண்ட் லேசுல ஓடாது. பனி உருகட்டும்னு ரோட்டுல போட்ட உப்பு தெறிச்சு அதுல கலந்திருக்கு. வெயில்ல உருகினா, கம்பத்துப் பீங்கான் மேலயே கரண்ட் தரைக்கு இறங்க வழி போட்டுக் குடுத்துடும், லைனே போயிடும். கம்பெனியில வருஷக்கணக்கா கத்தினேன், ஒருத்தனும் கேக்கல."

அப்பாவின் எதிரிலேயே இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல். பைத்தியம் என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். அவர் தொல்லை விட்டால் போதும் என்றுதான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டார்.

ரொப்பிக்கொண்டு திரும்பும்போது வழியெல்லாம் சிக்னல் அணைந்து கிடந்தது. வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வீட்டில் மெஷின் நின்றிருந்தது. அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் பனியில் சிக்கி இன்னும் வரவில்லை. உப்பு அங்கிள் அப்பாவைத் தன் மார்பில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்தபடி, "மெதுவா இழுங்க சார், மகன் வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்து குழாயை அப்பாவின் மூக்கில் மாட்டினேன்.

அப்பா அதற்கப்புறம் ஐந்து வாரம்தான் இருந்தார். அதற்குள் தங்கை ஈரோட்டிலிருந்து வந்து முகம் பார்த்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "அங்கிள், அன்னிக்கு உங்களைப் பைத்தியம்னு..." என்று ஆரம்பித்தேன். அவர் கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க தம்பி, சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றார்.