ஐந்து நிமிடச் சயாம் சேமியா

சமைக்கத் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவன் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவான். இன்னொருவன் நான்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எங்கள் பாறசாலைப் பக்கம் தினம் ஒரு கூட்டம் நடக்கும். நான் அப்போதுதான் மலாயாவிலிருந்து திரும்பியிருந்தேன். சயாம் எல்லையருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இரண்டு வருடம் குமாஸ்தா. அங்கே சாலையோரத்தில் ஒரு சயாம்காரி அரிசிச் சேமியாவை முட்டை, கூனி இறால், புளி, சர்க்கரை எல்லாம் போட்டு ஐந்தே நிமிடத்தில் வதக்கித் தருவாள். தினமும் நின்று பார்த்திருக்கிறேன். (சட்டியைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை.)

குளத்தூர் தேவதாசன் சாரின் மகள் கிரேஸை எனக்குப் பேசியிருந்தார்கள். சார் ஓய்வுபெற்ற வாத்தியார், போராட்டப் பேச்சாளர். வழக்கப்படி பெண்வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டெதிரே ஜங்ஷனில் ஒரு கூட்டம் பேசிவிட்டு அப்படியே வந்துவிடுகிறேன் என்றார் சார். என் கையால் சயாம் சேமியா உண்டு என்று நான் சொல்லியனுப்பினேன். அவருக்குப் பிடித்தால் கல்யாணம். இல்லையென்றால் காட்டாக்கடையில் ஒரு கம்பவுண்டர் காத்திருந்தான்.

சார் மைக்கைப் பிடித்ததும் நான் சட்டியை அடுப்பில் வைத்தேன். மலாயாவிலிருந்து கொண்டுவந்த சேமியாவை அம்மா தொட்டுப் பார்த்தாள்.

"எலே, இத வெள்ளத்தில ஊறப் போடாண்டாமா?"

"சயாம்ல அப்படியெல்லாம் கெடையாதும்மா. எனக்கு ரெண்டு வருச பழக்கமாக்கும்."

(அந்தச் சயாம்காரியின் காலடியில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. அது எதற்கென்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.)

சேமியாவை விடுங்கள். தாளிக்காமல் எதையும் வதக்க நம் கைக்கு வராதே. அவள் மிளகாய்த் தூளைக் கடைசியில் மேலே தூவுவாள். நான் புகைந்துகொண்டிருந்த தேங்காயெண்ணெயில் முதலிலேயே இரண்டு கைப்பிடி வத்தல் மிளகாயைப் போட்டேன். அதன்மேல் கூனி இறால். அதன்மேல் கம்பிபோல் நின்ற சேமியா. பயந்துபோய்ப் புளித்தண்ணீரையும் ஊற்றினேன்.

புகை ஜன்னல் வழியாக ஜங்ஷனுக்குப் போனது. காற்றும் அன்றைக்குத் தமிழ்நாட்டுக்கு எதிர்க்கட்சி.

"தமிழ் மக்களே" என்று சொல்ல வந்த சார் "தமிழ்" என்பதோடு இருமத் தொடங்கினார். கண்ணீர்ப்புகையைப் பற்றி எங்கள் ஊரில் படித்தவர்கள் உண்டு, பார்த்தவர்கள் இல்லை. "போலீசு புகைக்குண்டு போட்டாச்சு, ஓடுங்கலே" என்று யாரோ கத்தினார்கள். ஜங்ஷன் காலி. காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்கள்தான் முதலில் ஓடினார்கள். அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் சட்டியோடு கொல்லைக்கு ஓடி, எல்லாவற்றையும் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தேன். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டது. கண்ணைக் கழுவ வெள்ளம் தேடி, அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்கு வந்தார் சார். தொட்டியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்னதாக்கும்?"

"அஞ்சு நிமிசச் சேமியா, சார்."

கம்பவுண்டர் ஜிப்பா போட்டுக்கொண்டு சர்ச்சுக்குள் நடப்பது என் கண்ணில் தெரிந்தது. அதற்குள் வேலிக்கு அப்பால் ஆட்கள் திரும்பி வரும் சத்தம்.

"குண்டு போட்டும் சாரு மேடைய விட்டு எறங்கல்ல, கேட்டியா. ஆம்பளையாக்கும்."

(கண் தெரியாமல் இறங்குகிற படியைத் தேடிக்கொண்டிருந்தாராம். பல வருடம் கழித்து அவரே சொன்னது.)

சார் குரலைத் தாழ்த்தினார். "மக்கா, இது வெளியில ஆருக்கும் தெரியாண்டாம்."

"தெரியாது, மாமா."

அதுவரை சார் என்றவன் மாமா என்றதை அவர் கவனித்தார். ஈரத் துண்டால் முகத்தை மெதுவாகத் துடைத்தார்.

"கிரேஸுக்கு நல்லா சமைக்கத் தெரியும்," என்றார். "நீ அடுப்புப் பக்கம் போகாண்டாம்."

எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. எனக்குக் கிரேஸ் கிடைத்தாள். கண்ணீர்ப்புகைக்கு அஞ்சாதவர் என்று மாமாவுக்குப் பொன்னாடை போடும்போதெல்லாம், நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்று அவர் கண் தேடும். இப்போது அவர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்றும் மிளகாய் தாளிக்கும் முன் கிரேஸ் உள்ளேயிருந்து கேட்பாள்: "ஜன்னல அடைச்சாச்சா? வெளியில கூட்டம் ஒண்ணும் இல்லல்லா?"

நான் முற்றத்துக்குப் போய், வெளியே நின்று அடைப்பேன். சமையலில் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கும் ஒரே வேலை அது.