பல்நோக்கு அரங்கத்தில் ராஜாமணி ஓடிய ஓட்டம்

திண்டிவனம்,
18-4-1986

டெல்லியில் இருக்கும் அன்புள்ள மச்சான் சக்கரபாணி அவர்களுக்கு, அப்பாதுரை எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்கா லட்சுமியம்மாளும் பிள்ளைகளும் உடம்புக்குச் சுகமே, மனசுக்குத்தான் இல்லை. உங்கள் நலத்துக்கு உடனே எழுதவும்.

நம்ம பொண்ணு ராஜாமணி ஓட்டப் பந்தயத்தில் தேறினாளா என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்ல எங்கள் தேசியப் பல்நோக்கு விளையாட்டு அரங்கத்தின் சரித்திரத்தையே சொல்லியாக வேண்டும். டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்த வருஷம், நமக்கும் அதுபோல ஒன்று வேண்டுமென்று விழுப்புரம் ரோட்டில் அடிக்கல் நாட்டினார்கள். முதலில் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள், கேட் வைக்க மறந்தார்கள், உள்ளே மாட்டிக்கொண்ட சிமெண்ட் லாரியை வெளியே எடுக்கச் சுவரை இடித்தார்கள், அந்த ஓட்டைதான் இன்றைக்கும் வாசல். திறப்பு விழாவுக்குப் பிறகு அங்கே சர்க்கஸ் நடந்தது, கட்சி மாநாடு நடந்தது, மாட்டுச் சந்தை நடந்தது, விளையாட்டு மட்டும் நடக்கவில்லை. ஓடுகிற பாதைக்கு மண் போடாமல் காண்ட்ராக்டர் சிமெண்ட் பூசிவிட்டான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்க அதைவிட நல்ல களம் சுத்துப்பட்டில் உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் மாநிலப் போட்டிக்கு ஆள் தேர்வு. நம்ம பொண்ணு போய் நிற்கிறாள், பாதை முழுக்க மல்லாட்டை. நடுவே அஞ்சம்மாள் என்கிற விவசாயப் பெண்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு காக்கா ஓட்டுகிறாள். விளையாட்டு அதிகாரியிடம் நியாயம் கேட்டேன். பல்நோக்கு என்றால் பல நோக்கு, இதுவும் ஒரு நோக்கு என்று, முப்பது வருஷம் தமிழாசிரியனாக இருந்த எனக்கே தமிழ்ப் பாடம் எடுத்தார். பிறகு பந்தயத்தைச் சுவருக்கு வெளியே ரோட்டில் நடத்தினார். எதிரே வந்த பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு ஒதுங்கி, மறுபடி ரோட்டில் ஏறி, ராஜாமணி முதலாவதாக வந்தாள். வந்த பிறகு அந்த ஆள், ரோடு அளந்த தூரம் இல்லை, இது செல்லாது என்கிறார். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், வாயில் வந்ததையெல்லாம் பேசிட்டேன்.

ராஜாமணியோ, அஞ்சம்மாளிடம் துடைப்பத்தை வாங்கி, அந்த வெயிலில் தனியாகப் பாதையைக் கூட்ட ஆரம்பித்தாள். அஞ்சம்மாள் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுக் குடையை மடக்கினாள்.

"எம்மாந் தூரம் ஓடணும் கண்ணு?"

"ரெண்டு சுத்து, அக்கா."

"அப்ப நீ எதுக்குக் கூட்டிக்கினு கீற? ஒக்காரு. காலுல சத்து நிக்க வோணாமா?"

என்றவள் மல்லாட்டை காயப்போட்டிருந்த மற்றப் பெண்களையும் கூப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் மல்லாட்டை மொத்தமும் மைதானத்தின் நடுவே குவிந்துவிட்டது. மறுபடி ஓடினார்கள். ராஜாமணிதான் முதல். மெட்ராஸ் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். அஞ்சம்மாள் ஒரு முறம் மல்லாட்டையை அவள் தாவணியில் கொட்டினபோது எனக்குக் கண் கலங்கிப் போச்சு. ஆனால் அந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, இந்த அரங்கம் தன் முதல் வீராங்கனையை உருவாக்கிவிட்டது என்று பேசினார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அரங்கமா உருவாக்கியது?

ஆகவே நீங்கள் டெல்லியில் மேலிடத்துக்கு நேரில் போய், நம்ம அரங்கத்தில் விளையாட்டைத் தவிர வேறு எந்தக் காரியத்துக்கும் இடம் தரக் கூடாதென்று உடனே மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் கெங்கம்மாளும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்ளும்,

அப்பாதுரை

பி.கு.: மனுவை வைகாசி கழித்துக் கொடுத்தால் போதும். பெரியவன் அரங்கநாதன் கல்யாணத்துக்கு எங்கேயும் மண்டபம் கிடைக்காததால் அந்த அரங்கத்தையே பேசி முடித்துவிட்டேன். தண்ணீர் விடாத நீச்சல் குளத்துக்குள் அடுப்பு மூட்டினால் காற்று அடிக்காது என்று அந்த அதிகாரியே யோசனை சொன்னார். தங்கமான மனுஷன்.