பண்ணையைப் பங்கு பிரித்தவர்

இனிமேல் மத்தியானம் தூங்கியே தீருவது என்று திட்டக்காரர் முடிவெடுத்தபோது அவர் கையில் சாணிக்கூடை இருந்தது. முதுகு நிமிர மறுத்தது. சரி போ என்று குனிந்தபடியே முடிவெடுத்தார்.

திட்டக்காரர் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். வாரா வாரம் ஒரு திட்டம் போடுவார், அது அவரையே கவிழ்த்துவிட்டுப் போகும். ஆனாலும் பாவம், அந்த மனிதர் கேட்டது என்ன, மாட மாளிகையா? சாப்பிட்டு முடித்து மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் ஒரு குட்டித் தூக்கம். அது கிடைக்கவில்லை. ஒரு பசு, கொஞ்சம் கோழி, ஒரு தக்காளித் தோட்டம், அவ்வளவுதான் பண்ணை. பேருக்குத்தான் சின்னது. பசுவைப் பார்க்கப் போனால் கோழி தக்காளிக்குள் புகுந்துவிடும். கோழியைத் துரத்திவிட்டு வந்தால் பசு தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்திருக்கும். போதாக்குறைக்கு மூன்று பிள்ளைகள். கட்டிலில் சாய்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள். யாருமே கூப்பிடாவிட்டால் பசு கூப்பிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கூட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். உங்களுக்கும் பொறுப்பு வரவேண்டாமா என்று ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு பங்கு. எது யாருடையதோ அதன் வேலையும் அவருடையது, அதில் வருவதும் அவருடையது. சொந்தக்காரர் வைத்ததுதான் சட்டம், வேறு யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது. சொல்லும்போதே அவருக்குக் கண் சொக்கியது.

மூத்த பெண் பசுவை எடுத்துக்கொண்டாள். நடுப்பையன் கோழிகளைக் கேட்டான். கடைக்குட்டிக்கு இன்னும் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாது, ஆனால் தக்காளித் தோட்டம் எனக்குத்தான் என்று போய் வேலிக்குள் நின்றுகொண்டாள். வீட்டுக்காரி மட்டும் சுவரோரம் உட்கார்ந்து கோழித் தீவனத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"என்ன மிச்சம் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"நீங்க யாரு பங்குல வர்றீங்க?"

"நானா? நான் யாரு பங்கும் இல்ல. பொதுவா, மேற்பார்வை."

"அப்ப நீங்க மிச்சம் இருக்கீங்களே. சரி, உங்களை நான் எடுத்துக்கறேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் இவள் நம்மை ஆசையாகக் கேட்கிறாளே என்று பூரித்துப்போய்த் தலையை ஆட்டினார். ஆட்டியிருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் மூத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பசுவுக்குப் புல் அறுக்கவேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிறது. அவள் அப்பாவிடம் வரவில்லை, நேரே அம்மாவிடம் போனாள்.

"அம்மா, உங்க ஆளைக் கொஞ்சம் அனுப்பறீங்களா?"

"தாராளமா. சாயங்காலப் பால் எனக்கு."

அவளுக்குப் பின்னாலேயே நடுப்பையன் வந்து நின்றான். கூண்டு கழுவ ஆள் வேண்டும், பதிலுக்கு முட்டையில் பாதி அம்மாவுக்கு. கடைக்குட்டிக்குத் தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்ட ஆள் வேண்டும், பழுத்ததும் முதல் கூடை அம்மாவுக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, வேலி கட்ட வேண்டும் என்று அவளும் வந்து கேட்டாள். வீட்டுக்காரி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருட்டறதுக்குள்ள பத்திரமா அனுப்பிடுங்க என்று மட்டும் சொல்லி, மண்வெட்டியையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள்.

நல்லதும் நடக்காமல் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பசு எப்போது முரண்டு பிடிக்கும் என்று மூத்தவள் இப்போது கண்ணைப் பார்த்தே சொன்னாள். நடுப்பையன் அடைகாக்கும் கோழிக்குக் காவல் இருந்தான். முதல் தக்காளி பழுத்த அன்று கடைக்குட்டி அதைக் கடித்து, அப்பா கையெல்லாம் சேறாக இருந்ததால், மீதியை அவர் வாயிலேயே வைத்தாள். அந்த நிமிஷம் முதுகு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது.

ஆனால் தூக்கம்? ஒரு லீவு நாள் மத்தியானம், ஆனது ஆகட்டும் என்று மரத்தடிக்குப் போனார். கட்டிலில் வீட்டுக்காரி படுத்திருந்தாள்.

"இது அநியாயம். நான் என்ன மாடா?"

"சொந்தக்காரர் வச்சதுதான் சட்டம்னு சொன்னது யாரு?"

"ஒரே ஒரு மத்தியானம் தூங்க விடேன்."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "நான் கடைசியா மத்தியானம் படுத்தது எப்ப தெரியுமா? சின்னவ பொறந்தப்ப. அதுவும் தூங்கல, வலியில கெடந்தேன்."

அவள் குரலில் விளையாட்டே இல்லை. கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த அவள் பாதங்களைப் பார்த்தார், வெடிப்பெல்லாம் மண். இத்தனை திட்டம் போட்டவருக்கு, இவளுக்கும் அசதி இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. சத்தம் போடாமல் நகர்ந்தார்.

நகர்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். வேலியோரம் பிள்ளைகளைப் பார்த்ததும் அடுத்த திட்டம் உதித்துவிட்டது.

"உங்கள்ல யாராவது என்னை அம்மாகிட்டேருந்து வாங்கிக்குங்களேன்," என்று கெஞ்சினார். "எந்த வேலை சொன்னாலும் செய்யறேன். மத்தியானம் மட்டும் தூங்க விடணும்."

மூத்தவளும் நடுப்பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்குட்டிதான் முன்னால் வந்தாள். பசு வாங்கிய அன்று தரகர் அதைச் சுற்றிவந்ததைப் பார்த்தவள் அவள். அதே மாதிரி அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். முதுகில் விரலை வைத்து அமுக்கினாள். அவர் ஆவென்று கத்தினார்.

"வேணாம்ப்பா," என்றாள். "தீனி ஜாஸ்தி. அப்பப்ப தண்ணி பாய்ச்ச அம்மாகிட்ட இரவல் வாங்கிக்கறேன்."

மரத்தடியிலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு, சொந்தக்காரியின் குரல் வந்தது.

"தண்ணி பாய்ச்சி முடிச்சதும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுடு. வெயில்ல கட்டிப் போட்டுடாத."