ஏழு அறைப் பை

முதல் குழந்தை பிறந்த வீட்டில் அப்பன்காரனுக்கு உண்மையில் ஒரு வேலையும் கிடையாது. பெற்றவள் பால் கொடுக்கிறாள். மாமியார் குளிப்பாட்டுகிறார். மாமனார் வருகிறவர்களுக்கெல்லாம் கல்கண்டு நீட்டுகிறார். நடுவில் நிற்கிற நம்மிடம் மட்டும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார்கள். அப்படித் தள்ளி நிற்கிற ஆண்கள்தான், குழந்தைக்கு ஏதாவது செய்தே தீருவேன் என்று கடைத்தெருவுக்குக் கிளம்புவது. நானும் கிளம்பினேன். வாங்கியது ஒரே ஒரு பை. அந்தப் பையால் கள்ளக்குறிச்சி சாலையில் ஒரு பகல் பொழுதில் முந்நூறு பேர் தரையில் குப்புறப் படுத்தார்கள். (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். இருநூறு இருக்கும்.)

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவி செல்வி ரிஷிவந்தியத்தில் இருக்கிற தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய், பெண் குழந்தை பெற்றிருந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அக்கா வீட்டுக்காரர் லீவில் வந்தபோது குழந்தைக்கென்று ஒரு தள்ளுவண்டி கொண்டுவந்தார். நீல நிறம், நாலு சின்னச் சக்கரம், வெயிலுக்கு மடக்குக் கூரை. எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கிழவர்கள்கூட வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு மட்டும் அதில் ஒரு குறை தெரிந்தது. பால்புட்டி, பவுடர், மாற்றுத்துணி இதையெல்லாம் வைக்க வண்டியில் இடமே இல்லை. கைப்பிடிக் குழாய் மட்டும் பளபளவென்று காலியாக இருந்தது. அதற்கு ஒரு பை வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அளவு சரியாக இருக்க வேண்டுமே என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைத்தெருவுக்குப் போனேன். வழியில் ஒருவர் பாக்கியில்லாமல் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே காலி என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் வாய்விட்டே கேட்டார்: "வாத்தியாரே, கொழந்தைய எங்கனா வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

பைக்கடை பாய் பொறுமைசாலி. பள்ளிக்கூடப் பை, சாப்பாட்டுக் கூடை, ஜிப் வைத்த ஏர்பேக், கண்டக்டர் தோள்பை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் கைப்பிடியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அறை கம்மியா இருக்கே பாய்" என்றேன்.

"அப்படி இன்னா சார் வைக்கப் போறீங்க?"

சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். (ஆமாம், பட்டியல் போட்டிருந்தேன். இரண்டு பக்கம்.) அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார். "இதுக்கு பை ஆவாது சார். பீரோதான் வாங்கணும்" என்றார்.

மனிதருக்கு நவீன வாழ்க்கை புரியவில்லை என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்நிலையத்துப் பக்கம், பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் படம் வரைந்து காட்டினேன். மிச்சமிருந்த பச்சை ரெக்சினைத் தட்டிக் காட்டினார்.

"பஸ்ஸுக்குப் போடறது சார். பத்து வருசம் அசையாது."

பத்து வருஷம் எந்தக் குழந்தையும் தள்ளுவண்டியில் போகாது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஏழு அறை, இரண்டு இரும்புக் கொக்கியோடு பை தயாரானது. அறைகளுக்கு நம்பர் வேண்டும் என்றேன். பஸ் சீட்டுக்கு நம்பர் போடுகிற தகட்டை வைத்து ஒன்று முதல் ஏழு வரை வெள்ளைப் பெயின்டில் போட்டார். பிறகு, நான் கேட்காமலேயே, முன்பக்கம் பெரிதாக 'பெண்கள்' என்று அடித்துவிட்டார்.

"பொண்ணு கொழந்தைனு சொன்னீங்களே சார்" என்றார், சந்தோஷமாக. வெறும் பையைத் தூக்கவே தோள் வலித்தது. உறுதியான பொருள் என்றால் கனமாகத்தானே இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சாலை மறியல் வரப்போகிறது, மரத்தை வெட்டிப் போடப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஐந்தாம் மாசம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர வேண்டிய நல்ல நாளும் அந்த வாரத்தில்தான் அமைந்தது. அதை விட்டால் அடுத்த மாசம். நான் வண்டியும் பையுமாக பஸ் ஏறி ரிஷிவந்தியத்தில் போய் இறங்கினேன்.

மாமியார் கவலையாகச் சொன்னார்: "மாப்ள, ஊரு ஒரு மாரியா கீதுங்க. நாலு நாள் போவட்டுமே."

"நாளைக்குத்தான் மறியல் அத்தே. நாங்க இன்னிக்கே போய்ச் சேர்ந்துடுவோம்" என்றேன், போராட்டக்காரர்கள் என்னைக் கேட்டுத்தான் நாள் குறித்த மாதிரி.

செல்வி பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாங்க இது? பஸ் சீட்டக் கழட்டிக்கினு வந்துட்டீங்களா?"

நான் ஏழு அறையையும் நிரப்பினேன். பால்புட்டி, வெந்நீர் பிளாஸ்க், துணிகள், பவுடர் டப்பா, கிலுகிலுப்பை, விசிறி, மருந்து. மாமனார் தன் பங்குக்குக் கல்கண்டைத் திணித்தார்.

தியாகதுருகம் தாண்டி நாலு கிலோமீட்டர் போனதும் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிளையும் இலையுமாகக் கிடந்தது.

"இதுக்கு மேல போவாது. திரும்பியும் போவ முடியாது, பின்னாலயும் சாச்சிட்டானுங்க" என்று கண்டக்டர் இறங்கி நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

கள்ளக்குறிச்சிக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர். எல்லோரும் தலையில் கை வைத்து நின்றபோது, நான் மட்டும் கர்வத்தோடு பஸ் கூரையிலிருந்து தள்ளுவண்டியை இறக்கினேன். குழந்தையைப் படுக்க வைத்து, பையை மாட்டினேன். "இப்ப புரியுதா?" என்று செல்வியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மனைவி ஒன்றும் பேசாதபோதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றரை வருஷத்தில் தெரிந்துவிடுகிற விஷயமில்லை.

மரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தடுக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் நாலு பேர் எழுந்து வந்து வண்டியைக் குழந்தையோடு பல்லக்கு மாதிரி தூக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவைத்தார்கள்.

"எங்க புள்ளைங்க படிச்சி ஒரு வேலைக்குப் போவணும்னுதான் குந்திக்கினு கீறோம் வாத்தியாரே. ஒங்க கொழந்தைய மறிக்கவா?" என்றார் ஒரு பெரியவர். அதோடு விட்டிருக்கலாம். பையின் நம்பர்களைப் பார்த்துவிட்டார். "டவுன்ல எங்க அக்கா வூடு கீதுங்க. இந்த மாத்திரைய மட்டும் சேத்துடறீங்களா?"

"மூணாம் நம்பர்ல வைங்க!" என்றேன், தபால் அதிகாரி தோரணையில்.

அவ்வளவுதான். அடுத்தடுத்த மரங்களில் ஒருவர் கடுதாசி கொடுத்தார். ஒருவர் வெற்றிலைக் கட்டு கொடுத்தார். ஒரு பாட்டி, பேரனுக்கென்று ஒரு படி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொட்டினார். அன்று அந்தச் சாலையில் ஓடிய ஒரே வண்டி என்னுடையதுதானே! செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க இன்னா லாரி ஆபீஸா வெச்சிகிறீங்க?" என்றாள்.

எங்களோடு நடந்து வந்தவர்களில், தியாகதுருகம் சந்தைக்கு வந்திருந்த கல்வராயன் மலைக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வெள்ளையன். அவர் மகளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருந்தது. தலையில் சாமை மூட்டை, கையில் அவளுக்கென்று ஒரு பாட்டில் மலைத்தேன். அவராகக் கேட்கவே இல்லை. நான்தான், "தேனை இப்படிக் குடுங்க, ஆறாம் நம்பர்ல எடம் இருக்கு" என்றேன்.

"வேணாங்க சார். கையிலயே வரட்டும்."

"அட, குடுங்க!" என்று பிடுங்காத குறையாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

டவுன் எல்லையில் பெரிய கூட்டம். குறுக்கே இரண்டு மரம். இந்தப் பக்கம் போராட்டக்காரர்கள், அந்தப் பக்கம் லத்தியோடு போலீஸ். காலையில் அங்கே ஏதோ தள்ளுமுள்ளு நடந்திருந்தது போலிருக்கிறது, யார் முகத்திலும் சிரிப்பில்லை. ஒரு குச்சி முறிந்தால்கூட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஐய, எப்டி வேர்த்துப் போச்சி பாரு. குடு தாயி, செத்த நேரம் நிழல்ல வெச்சிக்கிறேன்" என்று வண்டியிலிருந்து குழந்தையைத் தூக்கினார். சரியாக அதே நொடியில், சைக்கிளோடு மாட்டிக்கொண்டு நின்ற எங்கள் ஹெட்மாஸ்டர், "இன்னாய்யா, இங்க எங்க?" என்றார்.

ஹெட்மாஸ்டருக்கு வணக்கம் வைக்காமல் இருக்க முடியுமா? கைப்பிடியை விட்டேன். இரண்டு கையையும் கூப்பினேன்.

முன்பக்கம் குழந்தை இல்லை. பின்பக்கம் என் கை இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோ பை மட்டும் இருந்தது. தள்ளுவண்டி முன்னங்காலைத் தூக்கிய குதிரை மாதிரி எழும்பி மல்லாந்து விழுந்தது. வெந்நீர் பிளாஸ்க் டமார் என்று வெடித்தது, கூடவே தேன் பாட்டிலும் நொறுங்கியது.

"குண்டுடா! படுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

மொத்தக் கூட்டமும் தரையில் விழுந்தது. போலீஸ் மரத்துக்குப் பின்னால் குனிந்தது. ஹெட்மாஸ்டர் சைக்கிளுக்கு அடியில் போனார். கைகூப்பிய நிலையில் நான் ஒருத்தன் மட்டும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன்.

"என் கொழந்தை!" என்று செல்வி அலறினாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்து, போனது. குழந்தையை வாங்கிய அம்மா ரோட்டோரத்தில் முழங்காலும் முழங்கையும் ஊன்றிக் குனிந்து கிடந்தார். ஓடிப்போய்ப் பார்த்தோம். என் மகளை மார்புக்கு அடியில் வைத்து, முந்தானையால் மூடி, தன் முதுகைக் கூரையாக்கி வைத்திருந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம். குழந்தை அவருடைய தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த அம்மா யாரென்றே எங்களுக்குத் தெரியாது. செல்வி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். அழுதேன்.

அதற்குள் ஒரு ஏட்டு லத்தியை நீட்டிக்கொண்டு பையை நெருங்கிவிட்டார். "யார்ரா இதுக்குச் சொந்தக்காரன்? உள்ள இன்னா?"

நான் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்து பயந்து லத்தி முனையை மூன்றாம் நம்பருக்குள் விட்டுத் தூக்கினார். தேன் சொட்டச் சொட்டக் குழந்தையின் கோவணத்துணி ஒன்று வந்தது. மறுபடி விட்டார். இன்னொன்று. அதற்கடுத்து ஒரு கிலுகிலுப்பை, லத்தி நுனியில் தொங்கியபடி கிலுகிலு என்றது. ஏட்டு குனிந்து, முன்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்: "பெண்... கள்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. மரத்துக்கு இந்தப் பக்கமும் சிரித்தார்கள், அந்தப் பக்கமும் சிரித்தார்கள். சைக்கிளுக்கு அடியிலிருந்து எழுந்த ஹெட்மாஸ்டர் வேட்டியைத் தட்டிக்கொண்டே, "ஏன்யா, எட்டாங் கிளாசுக்கு நெம்புகோல் பாடம் நீதானே எடுக்கிற?" என்றார். பாடப்புத்தகத்தில் இருக்கிற எந்த விதியும் அதற்குப் பிறகு எனக்குக் கைகொடுக்கவில்லை.

வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை. தார்ரோட்டில் ஓடிய தேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தேன்தானே சார், மலையில இன்னும் கீது. கொழந்த நல்லா கீதில்ல, அது போதும்" என்று சாமை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். வண்டியை அன்று கடைசி மரத்தைத் தாண்டவைத்தது இரண்டு போராட்டக்காரர்களும் இரண்டு போலீஸ்காரர்களும், ஆளுக்கொரு சக்கரமாகப் பிடித்து.

பிறகு நான் வீடு வீடாகப் போய்ப் பிசுபிசுக்கிற மாத்திரையையும், தேனில் ஊறிய கடுதாசியையும், ஒன்றோடொன்று ஒட்டிய மல்லாட்டையையும் கொடுத்ததைத் தனியாக எழுத எனக்குத் தெம்பில்லை. பை இருந்த மூலைக்கு எறும்பு வரிசை ஒரு மாசம் ஓயவில்லை. அந்த வாரம் போராட்டத்தில் உயிர்கள் போய், எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்பதைப் பின்னால்தான் முழுதாகத் தெரிந்துகொண்டோம். அதனாலேயே அந்த ஐந்து நிமிஷச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. அந்த அம்மா இருந்த கடைசி வருஷம்வரை பொங்கலுக்குப் பொங்கல் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

இப்போது என் மகள் சென்னையில் இருக்கிறாள். அவள் பையனுக்கும் ஒரு தள்ளுவண்டி. கைப்பிடியில் மாட்ட அவளும் ஒரு பை வாங்கினாள், போனில் பார்த்து, புருஷனைக் கேட்டு, தோழிகளைக் கேட்டு, என்னை மட்டும் கேட்காமல். நல்ல பைதான். இரண்டே அறை.

ஆனால் வண்டியிலிருந்து யார் குழந்தையைத் தூக்கினாலும் வீட்டில் ஒருத்தர், "எல்லாரும் படுங்க!" என்று கத்தியாக வேண்டும். கத்துவது பெரும்பாலும் செல்வி. பேரனுக்கு இரண்டு வயது. காரணம் ஒன்றும் தெரியாது. பூங்காவில் போன வாரம் அவனை வண்டியிலிருந்து தூக்கிக் கீழே விட்டதும், "பது! பது!" என்று கத்திக்கொண்டே புல்தரையில் குப்புற விழுந்தான். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் பதறிப் போனார்கள். மகளும் செல்வியும் சிரிப்பில் மூச்சுத் திணறினார்கள். நானும் சிரித்தேன். வண்டியின் கைப்பிடியை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.