சாந்தகுமார் மேஸ்திரியின் முதுகுவலி

தன் வீட்டிலிருந்து ஒரு நர்ஸ் கிளம்பிப் போவதை ஒருக்காலும் அனுமதிப்பதில்லை என்று சாந்தகுமார் மேஸ்திரி சபதம் செய்தார். எழுபத்தெட்டாம் வருஷம், ஆம்பூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து கறிக்குழம்பில் மறுபடியும் சோறு பிசைந்துகொண்டிருந்தார். வாய் நிறைய சோறு இருந்ததால் சபதம் சரியாக வெளியே கேட்கவில்லை.

அவர் மனைவி ஜெயபுஷ்பம், சர்ச் தையல் பள்ளியில் டீச்சர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஜோலார்பேட்டைக்கு அனுப்பியாகிவிட்டது. வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், வயசு பார்ப்பதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜெயபுஷ்பம் இந்தச் செய்தியைக் குழம்போடு சேர்த்துப் பரிமாறிவிட்டாள்.

"நாப்பது வயசுல நர்ஸா? இன்னா புஷ்பம், விளையாடுறியா?"

"துணியைத் தெச்சது போதுங்க. இனிமே ஆளைத் தெக்கலாம்னு இருக்கேன்."

"நான் உசிரோட இருக்கும்போதே வெள்ளைப் புடவையா?"

"நீங்க போற வரைக்கும் காத்திருந்தா எனக்கு வயசாயிடும்."

"ஆஸ்பத்திரி நாத்தம் உனக்கு ஆகாது. டெட்டால், சீழு, ரத்தம்..."

"தோல் ஷாப்புல இருந்து வந்து நீங்க கழட்டிப் போடுற சட்டையை இத்தனை வருஷமா நான்தான் துவைக்கிறேன். டெட்டால் எனக்கு மல்லிப்பூ மாதிரி."

மேஸ்திரி குனிந்து சோற்றைப் பிசைந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் அத்தனை ஆள்களையும் ஒரே அதட்டலில் அடக்குகிறவர். தோலிலேயே ஊறிய மனுஷர். தோல்வியும் அவருக்குப் புதிதில்லை. வீட்டுக்கு வந்தால் தினமும் உண்டு.

உண்மையில் அவர் பயம் வேறு. பயிற்சி முடிகிறவரை ஹாஸ்டலில் தங்க வேண்டுமாம். சாயங்காலம் வீடு திரும்பினால் வெந்நீர் யார் வைப்பது? அதைவிட, யாரோடு சண்டை போடுவது?

பக்கத்து வீட்டு ஷபீ அஹமது அதே ஷாப்பில் கூட வேலை செய்கிறவர். அவரிடம் போய்ப் புலம்பினார்.

"இதுக்கா தோஸ்த் பேஜாராவுற?" என்றார் ஷபீ. "நர்ஸ் வேலைன்னா இன்னான்னு வீட்லயே காட்டிடு. நோயாளி மாதிரி படுத்துக்கோ. தண்ணி குடு, கால் அமுக்குன்னு உசிரை வாங்கு. தையல் மிஷினே போதும் சாமின்னு அந்தம்மா ஓடிடும்."

"இன்னா நோவு வச்சுக்கலாம்?"

"காய்ச்சல்னா தெர்மாமீட்டர் காட்டிக் குடுத்துடும். முதுகுவலி வச்சுக்கோ. அதை எந்த மிஷினும் கண்டுபிடிக்காது."

மறுநாள் காலை, "ஐயோ, முதுகு!" என்று மேஸ்திரி போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. ஜெயபுஷ்பம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவள் முகத்தில் கவலையைக் காணோம். புதுப் பாத்திரம் வாங்கியவளின் பிரகாசம்தான் தெரிந்தது.

"அசையாதீங்க! நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கவே கூடாது."

அப்புறம் ஆரம்பித்தது. படுத்தபடியே உடம்பு துடைத்தாள். அவர் மேலே கிடக்கும்போதே அடியில் விரிப்பை மாற்றினாள். படுக்கைப்புண் வரக்கூடாது என்று இந்தப் பக்கம் புரட்டினாள், அந்தப் பக்கம் புரட்டினாள். ஷாப்பில் புரட்டிப் போடுகிற ஆட்டுத்தோல்களின் மேல் மேஸ்திரிக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது.

அவரும் விடவில்லை. டம்ளரைக் கரண்டியால் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். தண்ணி. தலகாணி. கால் அமுக்கு. கொசு கடிக்குது. கொசு போயிடுச்சு, இப்போ அரிக்குது. கூப்பிட்டபோதெல்லாம் அவள் வந்தாள். டம்ளர்தான் நெளிந்தது, அவள் முகம் சுளியவில்லை.

சாப்பாட்டுக்கு அரிசிக் கஞ்சி. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரிக்கு ஒரு மாறுதலாகக் கொஞ்சம் கெட்டியான கஞ்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவரைத் தாண்டி ஒரு வாசனை வந்தது.

"பிரியாணி வாசனை அடிக்குதே?"

"ஷபீ பாய் வீட்ல இருந்து குடுத்தனுப்பினாங்க."

"கொண்டா, கொண்டா."

"படுத்த ஆளுக்கு மசாலா ஆகாதுங்க. வயித்தைக் கட்டிக்கும். அப்புறம் எனிமா குடுக்க வேண்டியதாப் போயிடும்."

எனிமா என்ற வார்த்தையைக் கேட்டதும் மேஸ்திரிக்குப் பசி அடங்கிவிட்டது. அடுத்த அறையில் அவள் பிரியாணிக்குக் கத்தரிக்காயைத் தொட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

அன்று சாயங்காலம் அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தண்ணீரில் வேலை செய்து விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"வலிக்குதா?"

"இங்க கொஞ்சம் வலிக்குது."

படுக்கையில் விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அருவருப்பா இல்லையா புஷ்பம்?" என்றார்.

"எனக்கா? கல்யாணத்துக்கு முன்னாடியே நர்ஸ் படிக்க இடம் கிடைச்சுதுங்க. பொட்டி கூட கட்டி வச்சிட்டேன். அந்த வாரம்தான் நீங்க பொண்ணு பாக்க வந்தீங்க. பொட்டியை இறக்கி வச்சுட்டேன்."

கத்தரிக்காய் விலை சொல்வது போலத்தான் சொன்னாள். மேஸ்திரி, எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். ஆனால் எழுந்தால் மானம் போய்விடும். படுத்தே கிடந்தார்.

மறுநாள் காலை, தடித்த கண்ணாடியும் பெரிய தோல் பையுமாக ஓர் அம்மாள் வீட்டுக்குள் வந்தார். கிரேஸி அம்மா, அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் மேட்ரன். பயிற்சிக்குச் சேர்க்கும் முன் ஜெயபுஷ்பத்தை நேரில் பார்க்க வந்திருக்கிறார். வந்தவர் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். மேஸ்திரியைத் திருப்பி முதுகையும் குதிகாலையும் பார்த்தார்.

"ஒரு இடம் கூட சிவக்கல. நல்லாப் பாத்திருக்கீங்க டீச்சர்." பிறகு மேஸ்திரியிடம், "வலி எங்க தம்பி? இங்கயா?"

"ஆ! அங்கதான் சிஸ்டர்."

"இங்க?"

"ஐயோ! அங்கயும்தான்."

"தோள்பட்டையில?"

"அங்கதான் ரொம்ப ஜாஸ்தி!"

"அப்போ பெரிய கேஸ்தான். வேலூருக்குக் கூட்டிட்டுப் போய்க் கால்ல எடை கட்டித் தொங்க விடணும். அதுக்கு முன்னாடி ஒரு ஊசி."

பையிலிருந்து ஊசி வெளியே வந்தது. அதன் நீளத்தைப் பார்த்த மேஸ்திரி, அடுத்த நிமிஷம் கட்டிலில் இல்லை. வாசற்படியில் நின்றார்.

"சரியாப் போச்சு சிஸ்டர்!"

"குனிஞ்சு நிமிருங்க."

குனிந்தார். நிமிர்ந்தார். கேட்காமலே இன்னொரு தடவையும் செய்து காட்டினார்.

"எந்த டாக்டர் பாத்தாரு?"

"யாரும் பாக்கல."

"அப்படின்னா ஒண்ணு, இவங்க கையாலதான் குணமாயிருக்கணும். இல்ல, உங்களுக்கு நோவே இல்லாம இருந்திருக்கணும். எது தம்பி?"

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ கைதான் சிஸ்டர்," என்றார். சொன்ன பிறகு, அது முழுப் பொய் இல்லை என்று அவருக்கே தோன்றியது.

"திங்கட்கிழமை பொட்டியோட வந்துடுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு மேட்ரன் கிளம்பினார்.

அவர் தெரு தாண்டியதும் மேஸ்திரி மெல்லக் கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்லேன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"வீட்ல யாராச்சும் நோயாளியைப் பாத்துக்கிட்ட பழக்கம் இருக்கான்னு மேட்ரன் அம்மா முன்னாடியே கடுதாசில கேட்டாங்க. நம்ம வீட்ல யாரு இருக்கா? கல்லு மாதிரி நீங்க ஒருத்தர்தான். அதான் நீங்க புலம்பப் போறதுக்கு முன்னாடியே ஷபீ பாய்கிட்ட சொல்லி உங்களைப் படுக்க வைக்கச் சொன்னேன். பாய் முதல்ல காய்ச்சல்னுதான் சொன்னாரு. முதுகுவலி என்னோட யோசனை."

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் கோபம் வரப் பார்த்தது. வந்தது சிரிப்பு. சிரித்துச் சிரித்து நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது. அதை வெளியே சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவரே பெட்டியைச் சுமந்து வந்து வேலூர் பஸ்ஸில் ஏற்றினார். அடுத்த ஞாயிறு, தன் கையால் சாம்பாரும் கூட்டும் சமைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில் ஜெயபுஷ்பம் வந்தாள், மகளுடைய துள்ளல் நடையில். அவர் கேரியரை நீட்டினார்.

அவள் மூடியைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். யோசித்தாள்.

"உப்பு இல்ல. காரம் இல்ல. எண்ணெயும் இல்ல."

"போகப் போகக் கை பழகிடும் புஷ்பம்."

"ஐயோ, பழகிடாதீங்க! எங்க வார்டு நோயாளிங்களுக்கு இதான் சரியான பத்தியம். அடுத்த ஞாயிறு பெரிய டேக்சா பாத்திரத்துல செஞ்சு எடுத்துட்டு வாங்க."